ஒரு நாள் டிரைவரின் சட்டை

அப்பா,

அந்துருண்டை வாசனை உங்களுக்கு ஆகாது. அம்மா பீரோவில் போட்டு வைத்தால் தும்மித் தும்மித் திட்டுவீர்கள். நேற்று உங்கள் பீரோவைத் திறந்தபோது அந்த வாசனைதான் குப்பென்று வந்தது. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான், நானும் போட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

கடைசித் தட்டில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில், நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை ஒன்று இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். வெளியே எடுத்தவள் தம்பியின் மனைவி. உதறிப் பார்த்தாள், தன் தோளில் வைத்து அகலம் பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன அட்டை கீழே விழுந்தது. அட்டையில் குத்திய இரண்டு சிவப்பு ஹேர் கிளிப்.

"யாருதுக்கா இது? மாமாவுக்கு ரெண்டு மடங்கு இருக்கே" என்று கேட்டாள். கேட்கும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். சர்ச் வாசலில் பார்த்திருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றே மாதத்தில் இவளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அடுப்பில் பால் இருக்கிறது, போய்ப் பார் என்று அனுப்பினேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். ஞாபகம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சட்டை நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வரன்கள் நம் வீட்டுக்கே வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிழக்குத் தாம்பரத்தில் நம் தெருவில் ஒரு வீட்டில் கேசரி கிண்டினால் பத்து வீட்டுக்குத் தெரியும். மூன்றாவது வரன் அடையாறு. பையன் பாங்க்கில் ஆபீசர், வீட்டில் கார் உண்டு. இந்த முறை வீட்டுக்கு வரவழைக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில் வைத்துப் பெண் பார்த்துவிடுகிறார்கள், நாம் சர்ச்சில் பார்த்தால் பாட்டுப் புத்தகத்தை மூடுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்றீர்கள். அதனால் மகாபலிபுரம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து ரதம் பக்கம் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவரவர் சிற்பம் பார்க்க வந்ததாக இருந்துவிட்டுப் போகலாம். நல்ல யோசனைதான். அதுவரை எல்லாமே நல்ல யோசனைதான்.

ஆனால் அடையாறு வீட்டார் காரில் வரும்போது நாம் பஸ்ஸில் போய் இறங்குவதா என்று உங்களுக்கு உறுத்திவிட்டது. பெருங்களத்தூரில் ஒருவர் தன் சொந்த அம்பாசிடரை டிரைவரோடு நாள் வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தீர்கள். டாக்ஸி போர்டு கிடையாது, பார்க்கிறவனுக்குச் சொந்த வண்டிதான். டிரைவர்தான் வாடகை டிரைவர் மாதிரி இருந்துவிடக் கூடாதே, அதற்காக ஆள் அளவை விசாரித்து மார்க்கெட்டில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினீர்கள். எனக்கு அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையைவிட அதைத்தான் யோசித்து வாங்கியிருப்பீர்கள்.

டிரைவர் முருகேசன் விடியற்காலை ஆறரை மணிக்கு வந்தார். ஆறடி ஆள், நல்ல கறுப்பு, வெற்றிலை போடுகிற வாய். நீலக் கட்டம் போட்ட சட்டையில் வந்தவரைப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி அறைக்கு அனுப்பி வெள்ளைக்கு மாறச் சொன்னீர்கள். அவர் தன் சட்டையை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். பிரயாண ஜெபம் செய்தீர்கள், அவரையும் கண்ணை மூடச் சொன்னீர்கள். வண்டி வண்டலூர் தாண்டியதும் பாடம் ஆரம்பமாயிற்று. எத்தனை வருஷமா நம்மகிட்ட இருக்க? அஞ்சு வருஷம் சார். சார் இல்ல, ஐயா. அஞ்சு வருஷம் ஐயா. கேளம்பாக்கம் வரைக்கும் இதே பாடம். பாவம், அவருக்கு ஐயா வாயில் நிற்கவில்லை, நாலு தடவைக்கு ஒரு தடவை சார் வந்துவிடும். நானும் அம்மாவும் பின்சீட்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். அந்த ஒரு மணி நேரம் நாம் சந்தோஷமாக இருந்தோம், அதையும் எழுதிவிடுகிறேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் காபி ஊற்றி நான் முருகேசனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த ஆளுக்கு நான் என் வாழ்நாளில் செய்தது அந்த ஒரு டம்ளர் காபிதான்.

பையனை எனக்குப் பிடித்திருந்தது. இதை உங்களிடம் சொன்னதே இல்லை. கல் யானைக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் நாலே நாலு வார்த்தை பேசினார். பல்லாவரத்தில் வேலைக்குப் போகிறேன் என்றதும், ஏழு ஐம்பது லோக்கல் டிரெயினில் நிற்க இடம் கிடைக்குமா என்று கேட்டார். முன்னால் வந்த இரண்டு பேரும் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டவர்கள். நான் நிற்பதைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் அவர். அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். அம்மாவுக்குப் புரிந்தது.

இதற்குள் பையனின் தாய்மாமா சிகரெட் பிடிக்க வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார். சிகரெட் ஒரு சாக்கு. பெண் எப்படி என்று வீட்டில் கேட்டால் வீட்டார் சொல்வதுதான் கிடைக்கும், பாத்திரம் தேய்க்கிறவளிடமோ வண்டி ஓட்டுகிறவனிடமோ கேட்டால்தான் நிஜம் வரும் என்பது எல்லாக் குடும்பத்திலும் உள்ள வழக்கம்தானே. உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். தம்பிக்குப் பெண் பார்த்தபோது நீங்களே அவர்கள் வீட்டுப் பால்காரனைப் பிடித்து விசாரித்தவர். ஆனால் முருகேசனுக்கு ஐந்து வருஷம் என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மீதியை அவர் தன் நல்ல மனசிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்.

என்ன சொன்னார் என்பதை மாமா வந்து தன் அக்காவிடம் வரி விடாமல் ஒப்பித்தார். நான் நாலு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். தங்கமான பொண்ணு என்றாராம். தினமும் தன் கையால் காபி கொண்டுவந்து கொடுக்குமாம். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாளும் சோறு எடுத்து வந்து பக்கத்தில் நின்று சாப்பிட வைத்ததாம். அவருக்கு ஒரு தலைவலி என்றால் அதுக்குக் கண் கலங்கிவிடுமாம். இந்த மாதிரி ஒரு பெண் கிடைக்க உங்கள் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று முடித்தாராம்.

பையனின் அம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் எனக்கும் அம்மாவுக்கும் கேட்கிற தூரம்தான். சண்டை போடுகிற பெண்மணி இல்லை, மெதுவாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டிரைவர் உங்க பொண்ணப் பத்தி ரொம்ப உரிமையா பேசறான். அஞ்சு வருஷமா வீட்டோட இருக்கானாமே. வயசுப் பொண்ணு இருக்கற வீடு, நீங்க கவனிச்சிருக்க வேணாமா?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, நிஜமாகவே. அப்பா இப்போது சொல்லிவிடுவார், எல்லோரும் சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவன் எங்கள் டிரைவரே இல்லை, இன்று காலையில் வந்தவன், வண்டியும் வாடகை வண்டி. ஒரு வாக்கியம். கொஞ்சம் அசடு வழிந்திருக்கும். வாடகைக் காரில் வந்து பெருமை அடித்த ஆள் என்று நாலு பேர் நினைத்திருப்பார்கள், ஒரு வாரம் நினைத்திருப்பார்கள். அவ்வளவுதான் விலை.

நீங்கள் கல் யானையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உங்கள் பேரைக்கூடச் சொல்லாதவள், "என்னங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னீர்கள்: "எனக்கும் கொஞ்ச நாளா சந்தேகம்தாம்மா. இப்பவே அவன நிறுத்திடறேன்."

எனக்கும் சந்தேகம்தான். உங்கள் வார்த்தைகளைத்தான் திரும்ப எழுதுகிறேன் அப்பா. அந்த அம்மாள் என்னை நோக்கி ஒரு கல்லைக் கையில்தான் வைத்திருந்தார், எறிந்தது நீங்கள்.

விறுவிறுவென்று வண்டிக்குப் போனீர்கள். அவர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள், நீங்கள் நிறுத்துவதைப் பார்க்க வேண்டுமே. இளநீர்க்காரர்கள், சங்கு விற்கிறவர்கள், பள்ளிக்கூடப் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள், அத்தனை பேர் நடுவிலும் சட்டையைக் கழற்று என்றீர்கள். முருகேசனுக்குப் புரியவில்லை. பாடத்தில் இல்லாத கேள்வி.

"இன்னா சார், நீங்க சொன்னத்த தானே சொன்னேன்" என்றார். பதற்றத்தில் ஐயா மறந்துவிட்டது.

"வாயை மூடுடா. அஞ்சு வருஷம் சோறு போட்ட வீட்டுக்கு நீ காட்டற நன்றி இதானா?"

அவர் உங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். இருபத்து நாலு வயசு, மாதச் சம்பளம் வாங்குகிறவள், வாய் இருந்தது. ஆனால் பையன் அங்கே நின்றுகொண்டிருந்தார். டிரைவரை விரட்டியதும் சரியாகிவிடும், என்னைப் பற்றி மறுபடி நினைப்பார் என்று ஒரு நப்பாசை. அதனால் நான் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். முருகேசன் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிச் சட்டையை மடித்து பானெட் மேல் வைத்துவிட்டு, பனியனோடு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்து போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நம் மூன்று பேரில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அவர்கள் கிளம்புவதாக இல்லை. பையன் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் விடட்டுமா என்று கேட்டார்கள். நானே ஓட்டுவேன் என்று சொல்லி ஸ்டீரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். சாவியைத் திருகவும் பயம். அவர்கள் வண்டி கண் மறைகிறவரை கண்ணாடியைத் துடைத்தீர்கள், அப்புறம் ஹார்னைத் துடைத்தீர்கள். பிறகு இறங்கி வந்து என்னிடம் சொன்னீர்கள்: "நீ போய் அவனக் கூட்டிட்டு வா."

என்னை. அம்மாவை இல்லை, நீங்களும் இல்லை. என் பேரையும் அவர் பேரையும் சேர்த்து அரை மணி நேரத்துக்கு முன்னால் சந்தேகம் என்று சொன்ன வாய், அதே வாயால் என்னை அனுப்பியது. நான் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். வண்டி ஓனருடையது, கடற்கரையில் விட்டுவிட்டுப் போக முடியாது என்று மட்டும் சொன்னார். வெள்ளைச் சட்டை அம்மாவின் மடியில் இருந்தது. நீங்கள் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பனியனோடு ஓட்டினார். காலையில் இட்லி சாப்பிட்ட மரத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"எனிக்கும் ரெண்டு பொண்ணு கீது தங்கச்சி. நல்லத்த சொன்னா நல்லதா பூடும்னு நெனச்சிகினு சொல்ட்டேன்."

பனியனோடு ஒரு ஆள் நம் வாசலில் வண்டியை நிறுத்துவதைத் தெரு பார்க்கக் கூடாது என்று முனையிலேயே நிறுத்தச் சொன்னீர்கள். நாம் இறங்கினோம், அவர் போய்விட்டார். அவர் சட்டை நம் தொட்டி அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கொடுத்தனுப்பலாம் என்றாள். வேண்டுமானால் அவனே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றீர்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் உங்களுக்குத் தெரியாமல் நானே பெருங்களத்தூருக்குக் கொண்டுபோனேன். ஓனர் சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அவன நிறுத்திட்டேனேம்மா. உங்கப்பாதான் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணிட்டுப் போனாரு, பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடத்துல வாய் நீளம்னு" என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார். மகாபலிபுரத்தில் நீங்கள் போட்டது நாடகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மனுஷனின் வேலையை நிஜமாகவே பறித்துவிட்டு வந்து, அன்று ராத்திரியும் குடும்ப ஜெபம் நடத்தினீர்கள். வீட்டுக்கு வந்து சட்டையை அம்மாவிடம் கொடுத்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, வெள்ளைச் சட்டையோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிட்டாள். கிளிப் அட்டையைத் திரும்ப அதே பாக்கெட்டில் போட்டவளும் அவள்தான்.

அடையாறிலிருந்து பையனுக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பமில்லை என்று தகவல் வந்தது. ஐந்து மாதத்தில் அவருக்கு வேறு இடத்தில் முடிந்தது. டிரைவர் விஷயம் மட்டும் முடியவில்லை. அடையாறு சர்ச்சிலிருந்து நம் சர்ச்சுக்கு வர அதற்கு ஒரு மாதம்கூடப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் இரண்டாம்தாரம் கேட்டு வந்தார்கள், நீங்கள் அவர்களை விரட்டினீர்கள். உங்கள் பெண்ணுக்கு இரண்டாம்தாரமா என்று கோபம் வேறு.

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் குடையோடு வந்து நிற்பீர்கள். மீன் முள்ளை எடுத்து என் தட்டில் வைப்பீர்கள், எனக்கு முப்பது வயசான பிறகும். அதெல்லாம் செய்வீர்கள். ஒரு வாக்கியம் மட்டும் சொல்ல மாட்டீர்கள். அம்மா சாகிற வாரம்கூடக் கேட்டாள், இப்பவாவது ஃபாதரிடமாவது சொல்லக்கூடாதா என்று. ரேடியோவைச் சத்தமாக வைத்தீர்கள்.

சொல்லாதது போகட்டும். தம்பி கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கும் ஒரு காலத்தில் அம்பாசிடர் இருந்தது, அஞ்சு வருஷம் டிரைவர் வைத்திருந்தோம் என்று சொன்னீர்களே. நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஊர் பேசுகிற கதை உங்களுக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தது. அதில் நான் கெட்டுப்போனேன், ஆனால் அதில் உங்களுக்கு ஒரு கார் இருந்தது.

போன வருஷம் நீங்கள் போனபோது உங்களுக்குப் போட்டுப் பெட்டியில் வைக்க நல்ல சட்டை ஒன்று கேட்டார்கள். உங்கள் சட்டைகள் எல்லாம் காலர் மஞ்சளடித்துக் கிடந்தன. நான் பீரோவின் கடைசித் தட்டைத் திறந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். வேறு கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஓடிப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வரத் தம்பி தயாராகத்தான் இருந்தான். நான்தான் இதுவே போதும் என்றேன். உங்களுக்கு ரொம்பத் தொளதொளவென்று இருந்தது. முதுகுப் பக்கம் மடித்து ஆறு ஊக்கு குத்தினேன். கம்பீரமாக இருக்கிறீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். அவரிடமிருந்து உரித்ததை நீங்களே போட்டுக்கொண்டு போய்ச் சேருங்கள் என்று நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

தம்பி மனைவி பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். சட்டையை இன்னும் கையில் வைத்திருந்தாள். யாருது என்று சொல்லவே இல்லையேக்கா என்றாள், அதே சிரிப்போடு. கார் துடைக்க வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாள். தம்பி இப்போது மாருதி வாங்கியிருக்கிறான்.

அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னேன்: "ஒரே ஒரு நாள் வாடகைக்கு வந்த டிரைவரோடது. காலைல வந்தாரு, சாயங்காலம் போயிட்டாரு. வண்டியும் வாடக வண்டி. நமக்கு எப்பவுமே கார் இருந்ததில்ல."

மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை அப்பா.

அவள் சிரிப்பு போய்விட்டது. அட்டையில் இருந்த கிளிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கெட்ட பெண் இல்லை அவள். கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இவ்ளோதானாக்கா? அப்ப இத்தன வருஷமா நீங்க ஏன்க்கா சொல்லல?"

அப்பாவுக்கு அசிங்கமாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை. ஒரு ஆள் பனியனோடு நின்று என்னைப் பார்த்தபோது நான் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன், அதை எப்படிச் சொல்வது என்று சொல்லியிருக்கலாம். அது மீதிப் பாதி. சட்டையை மடித்து, கிளிப் அட்டையைப் பாக்கெட்டில் போட்டு, என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் பல்லாவரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டுதான் போய் வந்தேன்.

அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலியான உங்கள் பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.